பீர்க் கலயத்துக்கு வார்னிஷ் எதற்கு?

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. ஜூலு மக்களின் பீர்க் கலயம், உகாம்பா. நல்ல கருப்பு, தோளைச் சுற்றி மரு மருவாக மண் பொட்டுகள், அதற்கு மேல் பளபளவென்று பாலியூரித்தேன் வார்னிஷ். அடிப்பக்கம் அது கொப்புளித்து உரிகிறது. உரிந்த இடத்தில் மெருகும் பெயர்ந்து வந்துவிட்டது. நகரத்துக் கலைஞர் ஒருவரும் கிராமத்துக் குயவர்களும் சேர்ந்து செய்ததாம். கசிந்ததாம், அதனால் சீல் செய்தார்களாம். சரிசெய்து தர வேண்டுமாம். பழைய பாண்டங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில். ஆனால் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது.

கசிவு ஒரு குறை என்று யார் சொன்னது? தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடாலில் பெண்கள் சக்கரம் இல்லாமல், மண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பும் பாண்டம் இது. கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்தவெளியில் சுடுவார்கள். அப்போது செம்பழுப்பாகத்தான் இருக்கும். காய்ந்த இலை, புல் போட்டு இரண்டாம் முறை புகையில் வைத்தால்தான் கருக்கும். அப்புறம் கொழுப்பு தடவுவார்கள். இந்தச் சூட்டில் மண்ணின் துளைகள் அடைபடாது. அடைபடவும் கூடாது. நம் வீட்டு மண்பானை வேர்க்கிறது என்று யாராவது வார்னிஷ் அடிக்கிறோமா? இதில் ஊற்றுவது தண்ணீர் இல்லை, சோளத்தில் காய்ச்சிய கலங்கலான பீர். அதன் வண்டல் துளைகளில் படியப் படியக் கலயம் பழகும். குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு ‘ஒழுகுது சார்’ என்றால் நான் என்ன சொல்வது?

கருப்பும் வெறும் அழகுக்கு இல்லை. முன்னோர்கள் இருட்டை விரும்புவார்கள் என்பது ஜூலு மக்களின் நம்பிக்கை. வீட்டின் உள்கோடியில் உம்சாமோ என்று ஓர் இடம் உண்டு. முன்னோருக்கான பீரை அங்கே வைப்பார்கள். மேலே இம்பெங்கே என்ற பின்னல் மூடி. (ஓலையில் முடைந்த அந்த மூடியைப் பிற்பாடு வண்ண டெலிபோன் ஒயரிலும் பின்னினார்கள். அதில் எனக்குப் புகாரே கிடையாது.)

சேர்ந்து செய்வது தப்பு என்று சொல்லவில்லை. இது பெண்களின் வேலை. ஆனாலும் கிளைவ் சித்தோலே என்ற ஆண் கலைஞர், துகேலா பள்ளத்தாக்கின் நெஸ்டா நாலாவிடம் (1940–2005) போய்க் கற்றுக்கொண்டார். நாலா தன் அம்மா சிபிவேயிடம் கற்றவர். ஜாபு, ஸானெலே, தெம்பி என்று தன் பெண்களையும் பழக்கியவர். சித்தோலே கலயத்தின்மேல் மாடுகளைப் புடைப்பாக வைத்தார், புதுசாக என்னென்னவோ செய்தார். புகையில் கருக்குவதை மட்டும் விடவில்லை. என்னிடம் வருகிறவர்களோ குயவர்களிடம் ஸ்கெட்சை நீட்டி, ‘இதே அளவில் செய்துகொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள். ஆர்டர் கொடுத்ததற்குக் கூட்டுப் படைப்பு என்று பெயர்.

தயவுசெய்து, அதில் என்ன ஊற்றப்போகிறீர்கள் என்பதைச் செய்கிறவரிடம் முதலிலேயே பேசுங்கள். காட்சிக்கு மட்டும் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விற்பனைக்கு வரும் சில கலயங்களில் கொழுப்புக்குப் பதில் ஷூ பாலிஷ் தேய்த்திருக்கும். கண்காட்சித் திறப்பு விழாவில் உற்சாகமாக அதில் ஊற்றிக் குடித்து வைக்காதீர்கள். சோப்பு, ஸ்க்ரப்பர் பக்கமே போகக் கூடாது. லேபிளில் ‘உள்ளூர்க் குயவர்கள்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. கலைஞர் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். நாளைக்கு உடைந்தால் எந்த மண், எப்படிச் சுட்டது என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

பார்சல் செய்யும்போது பபிள் ராப்பை நேராகச் சுற்றாதீர்கள், கொழுப்புப் பூச்சில் வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் அமிலமில்லாத டிஷ்யூ தாள், அதற்கு மேல் பபிள் ராப். வார்னிஷ் டப்பாவைத் திறக்கத் தோன்றினால், திறப்பதற்கு முன் என்னைப் போன்ற ஒருவருக்கு ஒரு போன் போடுங்கள்.