காசுக்கு ஆலாய்ப் பறந்தவர்கள்

"காசுக்கு ஆலாய்ப் பறந்தால் இப்படித்தான்." காசு கட்டிச் சேர்ந்து, ஆளுக்கு மேல் ஆள் சேர்க்கச் சொல்லும் பிரமிட் திட்டத்தில் ஒருவர் அகப்பட்டார் என்றதும் யாழ்ப்பாணத்தில் இந்த வசனம் காதில் விழும். காசுப்பேய், பேராசை பிடித்தவர், குந்தியிருந்து தின்ன நினைத்தவர் என்று பட்டங்கள் தொடரும். (ஆலா ஒரு கடற்பறவை. மீனுக்காகப் பறப்பது அதன் பிழைப்பு. அதை ஏன் இதற்குள் இழுக்கிறோமோ!)

சட்டத்தரணியாக நான் காண்பது, இந்தப் பட்டங்கள் ஏமாந்தவரின் வாயைக் கட்டிவிடுவதைத்தான். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். காப்பை அடைவு வைத்து, கனடாவிலிருந்து மகன் அனுப்பியதையும் சேர்த்து, கைபேசிச் செயலியில் நடந்த அப்படியொரு திட்டத்தில் கட்டியிருக்கிறார். இரண்டு மாதம் இலாபம் வந்தது. பின்னால் சேர்ந்தவர்களின் காசே இலாபமாக வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் மாதம் செயலி திறக்கவில்லை. என்னிடம் வர ஏழு மாதம் எடுத்திருக்கிறார். "தம்பி, ஊருக்குத் தெரிந்தால் என்னைக் காசுப்பேய் என்பார்கள்" என்றார். அந்த ஏழு மாதமும் அவரைச் சேர்த்தவர் அதே கோயில் வீதியில் வேறொரு பெயரில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் மூவரைச் சேர்க்க வேண்டும். அந்த மூவரும் தலைக்கு மூவரை. 12ஆவது படிக்கு மட்டும் 5,31,441 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டத்தின் சனத்தொகையே 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். 13ஆவது படிக்கு ஆளை எங்கே தேடுவது?

ஆசிரியை அடுத்துச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தங்கை உட்பட மூவரை அவரும் சேர்த்திருந்தார். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, இத்தகைய திட்டத்தை நடத்துவதோடு அதை ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. "நீயும் சேர், நல்ல இலாபம்" என்று தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய வரி அவருக்கே வினையாகலாம்.

அகப்பட்டவர்கள் அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம். வங்கிச் சிட்டைகளோடு பத்திரப்படுத்திவிட்டு, சட்டத்தரணி ஒருவருடன் பேசிப் பொலிஸில் முறையிடுங்கள். போன காசை மீட்க இன்னும் இருவரைச் சேர்க்காதீர்கள். கட்டணம் வாங்கி மீட்டுத் தருவதாகச் சொல்பவர், பெரும்பாலும் இரண்டாம் முறை ஏமாற்ற வருபவர். இன்னும் சேராதவர்கள் மத்திய வங்கி வெளியிடும் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்று நிம்மதியடையவும் வேண்டாம். பெயரை மாற்ற ஒரு நாள் போதும்.

முறைப்பாட்டை எழுதி முடித்ததும் ஆசிரியை கையெழுத்திடவில்லை. தங்கையிடம் முதலில் தானே சொல்ல வேண்டும் என்று எழுந்து போனார். மறுநாள் இருவருமாக வந்தார்கள்.