சிவப்பு சிக்னலில் நின்ற வண்டியை எடுப்பது யார்?

ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் பூந்தமல்லியில் சோதனை ஓட்டம் போன நாளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: "வண்டி தானா ஓடுமாம், அப்புறம் மோட்டார்மேனுக்கு எதுக்கு இவ்வளவு சம்பளம்?" மோட்டார்மேன் என்பவர் மின்சார ரயிலின் ஓட்டுநர். கேட்பதில் தப்பில்லை. அந்தச் சம்பளம் எந்த வேலைக்கு என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது.

கடற்கரை–தாம்பரம் பாதையில் மழைக்காலத்தில் மின்சார ரயில் நடுவழியில் நின்று, பிறகு ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் இரண்டிலும் சிறிய மின்னோட்டம் ஒன்றை விட்டிருப்பார்கள். வண்டியின் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்துவிட்டால் ரிலே (அந்த மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) விழுந்து, பின்னால் இருக்கும் சிக்னல் சிவப்பாகும். ஜல்லியில் தண்ணீர் தேங்கினாலும் மின்னோட்டம் கசிந்து அதே ரிலே விழும். தண்டவாளம் உடைந்து சுற்று அறுந்தாலும் அதே சிவப்புதான். வண்டியா, தண்ணீரா, உடைசலா என்று ரிலேவுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட.

அதன் பிறகு வண்டியை எடுப்பது மனிதர். கம்பத்தில் ‘ஏ’ எழுத்துப் பலகை உள்ள தானியங்கி சிக்னல் (வண்டி போகப் போகத் தானாக நிறம் மாறுவது) சிவப்பாக இருந்தால், மோட்டார்மேன் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்றுவிட்டு எச்சரிக்கையோடு கடக்கலாம் என்பது விதி. பாதை தெளிவாகத் தெரிந்தாலும் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் கூடாது. வளைவோ மழையோ மறைத்தால் இன்னும் குறைக்க வேண்டும். எதிரே எது தென்பட்டாலும் அதற்கு முன்பே நிற்கும்படி வண்டி கைக்குள் இருக்க வேண்டும். அடுத்த சிக்னல் பச்சையாகத் தூரத்தில் தெரிந்தாலும் அதைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது, இடையில் உடைந்த தண்டவாளம் இருக்கலாம். இதற்கிடையே பொறுமையிழந்த பயணிகள் குதித்து இறங்கிப் பக்கத்துப் பாதையில் நடந்துகொண்டிருப்பார்கள். (தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள். பக்கத்துப் பாதையில் வரும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.)

பிரேக் போடுவதும் இதே கதைதான். கொட்டும் மழையைவிட முதல் தூறல்தான் ஆபத்து. தண்டவாளத்தின் தலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழவழப்பாகும். வழக்கமான இடத்தில் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டும், சக்கரத்தில் தட்டையான தேய்மானம் விழும். அனுபவமுள்ளவர் முன்கூட்டியே தொடங்கி, மெல்லப் போட்டு, தளர்த்தி, மறுபடி போடுவார். எந்த ஸ்டேஷனுக்கு முன் இறக்கம், எங்கே வளைவில் சிக்னல் ஒளிந்திருக்கும் என்பதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு பாதையில் 3 மாதத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால், மறுபடி அதைக் கற்ற பிறகே தனியாக ஓட்ட விடுவார்கள்.

2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான சிக்னல் கிடைத்திருந்தது. வண்டி புகுந்ததோ லூப் லைனில் (வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதை), அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றிருந்தது. பலத்த குலுங்கலை உணர்ந்த லோகோ பைலட் (இன்ஜின் ஓட்டுநர்) அவசர பிரேக் போட்டார். பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சிக்னல் ‘போ’ என்று சொன்ன இடத்தில் ‘நில்’ என்று முடிவெடுத்தது ஒரு மனிதர்.

இயந்திரக் கண்காணிப்புக்கு எல்லை உண்டு. எக்ஸ்பிரஸ் இன்ஜினில் 60 நொடி ஓட்டுநர் எதையும் தொடாவிட்டால் 8 நொடி விளக்கு மின்னும், பிறகு 8 நொடி ஒலி எழும், அதற்கும் பதிலாகப் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் விழும். அரைத் தூக்கத்திலும் பழகிய கை அந்தப் பொத்தானை அழுத்திவிடும் என்பது இந்த வேலையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஓய்வு நேரத்தைக் குறைத்துவிட்டுக் கருவியை நம்பச் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் உடற்தகுதிச் சோதனை. கண்பார்வை தவறினால் இன்ஜினைவிட்டு இறங்கி வேறு வேலைக்குப் போக வேண்டும், ஓட்டும் தூரத்துக்கேற்பக் கிடைக்கும் கிலோமீட்டர் அலவன்ஸும் அதோடு போச்சு.

மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாமல் ஓட்ட முடிவதற்குக் காரணம் கணினி மட்டுமல்ல. பாதை முழுக்கத் தூணின் மேலோ சுரங்கத்திலோ இருக்கிறது, லெவல் கிராசிங் இல்லை, பிளாட்பாரத்துக்கும் பாதைக்கும் நடுவே கதவு இருக்கிறது. புறநகர்ப் பாதையில் மாடும் மனிதரும் குறுக்கே வருகிறார்கள். அங்கே இதை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

மெட்ரோவிலும் ஆள் தேவை தீரவில்லை. லண்டனில் 1987 முதல் ஓடும் டாக்லேண்ட்ஸ் ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. ஆனாலும் வண்டிக்கு ஒரு ஊழியர் உண்டு, தேவைப்பட்டால் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து அவரே ஓட்டுவார். அங்கேயே விக்டோரியா சுரங்க ரயில் பாதை 1968-லிருந்து தானியங்கியாக ஓடுகிறது, முன்னறையில் இன்னும் ஆள் இருக்கிறார். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலும் சுரங்கத்தில் நின்ற வண்டியைக் கையால் ஓட்டி ஸ்டேஷன் சேர்ப்பது, புகை வந்தால் எந்தப் பக்கம் இறக்குவது என்று சொல்வதெல்லாம் யாரோ ஒருவர் செய்ய வேண்டியதே. எப்போதாவது ஒருமுறை செய்யும் வேலை கைமறந்து போகும். ஆகவே அந்த ஊழியர்களுக்கு சிமுலேட்டரிலும் பாதையிலும் கையால் ஓட்டும் பயிற்சி தவறாமல் வேண்டும், சம்பளத்தையும் டிக்கெட் பார்க்கும் உதவியாளர் தரத்தில் வைக்காமல் ஓட்டுநர் தரத்திலேயே வைக்க வேண்டும்.