மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சர்க்கரை அளவை எப்படிப் படிக்க வேண்டும்?

மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்து, எடையும் இறங்கி, உற்சாகமாக இருக்கும் ஒருவர் இரத்தப் பரிசோதனை முடிவைக் கலக்கத்தோடு நீட்டுவதை என் மருத்துவப் பணியில் அடிக்கடி காண்கிறேன். உணவுக்குப் பிந்தைய அளவு நன்றாக இருக்கும்; வெறும் வயிற்றில் பார்த்த அளவு மட்டும் 105, 108 என்று நிற்கும். டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதை அவர் அறிந்திருப்பார். இனிப்பையே தொடாத தமக்கு இது எப்படி வந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

மாவுச்சத்து உள்ளே வராவிட்டாலும், மூளைக்குக் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. இரத்தச் சிவப்பணுக்களுக்கோ அதைத் தவிர வேறு எரிபொருளே கிடையாது. ஆகவே கல்லீரல் அமினோ அமிலம், லாக்டேட், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து குளுக்கோஸைத் தானே தயாரிக்கிறது. அதே வேளையில் தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டு, கிடைக்கும் குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுக்கின்றன. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்களும் உயர்வதால் காலை அளவு சற்றே ஏறி நிற்கலாம். இரண்டாம் வகை நீரிழிவுக்கு முன் காணப்படும் இன்சுலின் எதிர்ப்பில் பெரும்பாலும் இன்சுலின் மிகுதியாகச் சுரந்தும் பலிக்காமல் போகிறது. மாவுச்சத்தைக் குறைத்தவரிடமோ இன்சுலின் குறைவாகவே இருக்கிறது. எனினும் இரண்டில் எது என்பதைக் காலை அளவு ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதால், உணவுக்குப் பிந்தைய அளவையும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துச் செய்யும் பரிசோதனையிலும் இதே குழப்பம் நேர்கிறது. அதற்கு முந்தைய மூன்று நாட்களாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உண்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உடல் அந்தத் திடீர்ச் சுமைக்கு உடனே ஈடுகொடுக்க இயலாமல், நோயில்லாதவருக்கும் முடிவு உயர்ந்து காட்டலாம்.

என்னை இதைவிட அதிகம் கவலைப்படுத்துவது பொய்யான நிம்மதிதான். மாவுச்சத்தே வராதபோது சர்க்கரை ஏறாமல் இருப்பதைக் கொண்டு, கணையம் பழைய திறனைப் பெற்றுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. மருந்தே இல்லாமல் குறைந்தது 3 மாதங்கள் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை நோய்த் தணிவு என்று கூறலாம் எனப் பன்னாட்டு நிபுணர் குழு 2021-இல் வரையறுத்தது. குணமடைந்ததாக அது கூறவில்லை. எடை குறைந்து, கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைவதே பலருக்கு உண்மையான நன்மையைத் தருகிறது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. கண், சிறுநீரகம், பாதப் பரிசோதனைகளை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் குறைத்தால், சர்க்கரை 70-க்குக் கீழே சரிந்து நடுக்கம், வியர்வை, மயக்கம் வரை கொண்டுபோகும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் எந்த உணவுமுறையிலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள். இவற்றோடு மாவுச்சத்தையும் வெகுவாகக் குறைக்கும்போது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருட்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடையக்கூடும். அந்த நேரத்திலும் குளுக்கோமீட்டர் 250-க்குக் கீழேயே காட்டலாம் என்பதால், நோயாளியும் சில வேளைகளில் சிகிச்சை அளிப்பவரும் ஏமாந்துவிடுகிறார்கள். இம்மருந்தை எடுப்பவருக்கு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மிகுந்த களைப்பு ஆகியவை தோன்றினால், அளவு இயல்பாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மருந்தின் பெயரையும் உணவுமுறையையும் அங்கே உடனே தெரிவித்து, கீட்டோன் பரிசோதனை செய்யும்படி நீங்களே கேளுங்கள்.