பலெட் என்றால் குழையல் தட்டு

பள்ளிக்கூடம் தொடங்கும்போது சித்திரப் பாடத்துக்கு வாங்கவேண்டிய சாமான்களில், நிறம் கலக்கும் தட்டு ஒன்று 'பலெட்' என்ற பெயரில் இருக்கும். தாய் தகப்பன் அதைத் தேடிக் கடை கடையாக ஏறுவார்கள். வீட்டுக் குசினியில் அது நாலைந்து கிடக்கிறது என்று பெயரைப் பார்த்து யாருக்கும் விளங்காது.

லத்தீனில் 'பாலா' என்றால் மண் அள்ளும் கருவி. அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து 'பலெட்' ஆனது. தட்டையான சிறு பலகை என்பதுதான் பொருள். பெருவிரல் நுழையும் ஓட்டையோடு ஓவியர் கையில் ஏறியதும் அந்தப் பலகைதான். லொறியில் சாமான் அடுக்கும் மரத்தட்டுக்கும் வேர் இதுவே. சொல்லில் நிறமும் இல்லை, ஓவியமும் இல்லை.

தமிழில் 'வண்ணத்தட்டு' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் வண்ணம் பூசிய தட்டு என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம். பழைய சொல் தேடினால், மணிமேகலையில் வரும் 'வட்டிகைச் செய்தி' ஓவியம் தீட்டும் தொழிலையே குறிக்கிறது, தட்டை அல்ல. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெயின்ரைத் 'தீந்தை' என்போம். போர்த்துக்கேயர் விட்டுப்போன 'திந்தா'விலிருந்து வந்த சொல் அது. அப்போ 'தீந்தைத் தட்டு' எனலாமா? எனலாம், ஆனால் வாளியில் தீந்தை கலக்கிச் சுவருக்கு அடிக்கிற நினைவுதான் வரும்.

இந்தத் தட்டில் நடப்பது குழைத்தல். மிஞ்சின சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழைத்து, உருட்டி ஆளுக்கொரு கவளமாக அம்மா கையில் வைத்த குழையல் சோறு யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? நீலமும் மஞ்சளும் பச்சையாவதும் அதே கைவேலைதான். ஆகவே என் தெரிவு 'குழையல் தட்டு'. செய்கிற வேலையால் பெயர் வைத்தால், அந்த வேலைக்கு உதவுகிற எதுவும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும்.

நீர்வர்ணத்துக்கு வெள்ளைப் பீங்கான் கோப்பையை விஞ்ச ஒன்றுமில்லை. (கோப்பை என்றால் எங்களுக்குச் சோறு போடும் தட்டு; தமிழ்நாட்டார் தேத்தண்ணிக் கப்பை நினைக்கக்கூடாது.) வெள்ளைத் தாளில் நிறம் எப்படி விழுமோ, அப்படியே அதில் தெரியும். விளிம்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. புதுப் பிளாஸ்ரிக் தட்டில் நீர்வர்ணம் பரவாமல் துளித்துளியாகத் திரளும். பற்பசை போட்டு ஒருமுறை தேய்த்துக் கழுவினால் ஓரளவு அடங்கும். சிரட்டை நல்ல கிண்ணம், ஆனால் உள்பக்கம் இருண்ட நிறம். குழைத்த நிறம் என்னவென்று தாளில் தொட்ட பிறகுதான் தெரியும். போஸ்டர் கலருக்கு ஐஸ் கட்டித் தட்டு அல்லது யோகட் கப் போதும்.

அக்ரிலிக் சுணங்காமல் காய்ந்துவிடும், அதுவும் எங்கள் வெயிலில். தட்டையான ரின் மூடியில் ஈரத்துணி விரித்து, மேலே கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாள் போட்டுக் குழைத்தால் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும். எண்ணெய் வர்ணத்துக்குக் கண்ணாடித் துண்டு நல்லது. அடியில் வெள்ளைத் தாள் வைத்து, ஓரத்தைச் சுற்றி ரேப் ஒட்டவேண்டும். வெறும் காட்போட் மட்டை எண்ணெயைக் குடித்துவிடும்.

ஒரு ஓவியர் வழக்கமாகக் கையாளும் நிறங்களின் கூட்டத்தையும் 'பலெட்' என்கிறார்கள். அங்கே குழையல் தட்டு பொருந்தாது. 'நிறத்தெரிவு' என்று எழுதினால் சரி.