எக்சோசோம்: செல்வெளி நுண்குமிழ்

கருத்தரிப்பு மைய விளம்பரங்களில் இப்போது அடிபடும் சொல் எக்சோசோம், அதாவது செல்கள் வெளியே விடும் ஒருவகை நுண்குமிழ். கிரேக்கத்தில் 'எக்சோ' என்றால் வெளி, 'சோமா' என்றால் உடல். செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத ட்ரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் புரதம்) ஏற்பிகளை நுண்குமிழ்களில் ஏற்றி வெளியே தள்ளுவதை ஆராய்ந்த ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, 1987இல் அவற்றை இப்பெயரால் அழைத்தது. 1997இல் ஆர்என்ஏவை நறுக்கும் ஒரு புரதக் கூட்டமைப்புக்கும் இதே பெயர் வந்து சேர்ந்தது. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே வரும்.

கறாராகப் பார்த்தால், செல்லுக்குள் எண்டோசோம் என்ற உள்ளறையில் உருவாகி வெளியேறுபவை மட்டுமே எக்சோசோம். அளவு சுமார் 30–150 நானோமீட்டர். செல்சவ்விலிருந்தே மொட்டுவிட்டுப் பிரிபவை மைக்ரோவெசிகிள், 100–1000 நானோமீட்டர். அளவு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. அடையாளமாகத் தேடப்படும் சிடி9, சிடி63, சிடி81 என்ற சவ்வுப் புரதங்கள் இரண்டிலும் கிடைக்கலாம். வெளியே வந்தபின் பிறப்பிடத்தை நிரூபிப்பது கடினம். ஆகவேதான் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் இரண்டையும் அடக்கும் 'எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிகிள்' என்ற பொதுச்சொல்லையே பரிந்துரைக்கிறது.

அப்பொதுச்சொல்லைத் தமிழில் 'செல்வெளி நுண்குமிழ்' எனலாம். 'புறச்செல்' என்று தொடங்கினால் வெளிப்புறச் செல் என்று பொருள் திரும்பிவிடும். 'நுண்பை'யும் வேண்டாம், கருப்பை, சினைப்பை, விந்துப்பை என்று இத்துறையில் பைகள் ஏற்கெனவே அதிகம். செல்லைக் கலம் என்னும் இலங்கை வழக்கில் 'கலவெளி நுண்குமிழ்'.

விந்துநீரில் புராஸ்டேட் சுரக்கும் நுண்குமிழ்களுக்குப் புராஸ்டசோம் என்று தனிப்பெயரே உண்டு. கருப்பை உட்படலம் சுரக்கும் மிஆர்-30டி என்ற சிற்றார்என்ஏவை (மைக்ரோஆர்என்ஏ)க் கரு உள்வாங்கிக்கொள்வதை 2015இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெலிந்த உட்படலத்துக்கும் கருப்பைத் தழும்புக்கும் தண்டுசெல் நுண்குமிழ்களைச் செலுத்திப் பார்த்ததில் பெரும்பகுதி எலிகளில்தான். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தான் அனுமதித்த எக்சோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை என்று பொதுமக்களை எச்சரித்தது.

பிரித்தெடுப்பதில்தான் வில்லங்கம். செல் வளர்த்த திரவத்தை 300 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில்) சுழற்றினால் செல்கள் படியும்; 2,000 ஜி-யில் இறந்த செல்கள்; 10,000 ஜி-யில் சிதைவுகளும் பெரிய குமிழ்களும்; 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நமக்கு வேண்டியவை. கடைசி வண்டலில் புரதக் கட்டிகளும் சேர்ந்தே வரும். வளர்ப்புத் திரவத்தில் கன்றுக்கரு சீரம் இருந்தால் மாட்டின் நுண்குமிழ்களும் உள்ளே இருக்கும். சீரத்தை முன்பே 1,00,000 ஜி-யில் இரவு முழுக்கச் சுழற்றினாலும் அவை முற்றிலும் நீங்கா. இரத்தத்திலிருந்து எடுத்தால் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்கள் புகும். துகள் எண்ணும் கருவிக்கு அவையும் 'துகள்'தான்.

எனவே எக்சோசோம் குப்பியில் எழுதியிருக்கும் கோடிக்கணக்கான துகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் செல்லின் நுண்குமிழ், ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு எத்தனை துகள், மைனஸ் 80 டிகிரியில் வைத்தார்களா, எத்தனை முறை உருக்கி உறைய வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.