பிசிறும் முடியா இழையும்

"இன்னும் சில தளர்வான முனைகள் இருக்கின்றன. போய்க் கட்டிவிட்டு வா."

ஓர் அனிமேஷன் படத்தின் தமிழ் வசன வரியில் வில்லன் தன் அடியாளிடம் சொன்னது இது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், "எந்தக் கயிறு மாமா?" என்று கேட்டாள். கயிறெல்லாம் ஒன்றுமில்லை. நடந்ததைப் பார்த்த ஒருத்தன் உயிரோடு இருக்கிறான், அவனைத் தீர்த்துக்கட்டு என்கிறான் வில்லன். 'மிச்சம் மீதி வைக்காதே' என்று எழுதியிருந்தால் ஏழு வயதுக் குழந்தைக்கும் குலை நடுங்கியிருக்கும்.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். அதே வாரத்தில் ஒரு திரைப்படக் கட்டுரையின் தலைப்பு கண்ணில் பட்டது: 'அனிமேஷன் படங்களில் மறக்கப்பட்ட கதாபாத்திரங்களும் தீர்க்கப்படாத சதி நூல்களும்'. சதி நூல் என்றால் சதி செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் புத்தகமாக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறொரு இடத்தில் 'கதை நூல்கள்' என்று திருத்தியிருந்தார்கள். அதுவும் கதைப் புத்தகம்தான். தீர்க்கப்படாத கதைப் புத்தகம் என்றால் கடையில் விற்காமல் தேங்கியதா?

'தளர்வான முனை' என்பதற்கு ஆங்கில மூலம் 'லூஸ் எண்ட்'. கட்டாமல் விட்ட கயிற்று நுனி, முடியாமல் விட்ட நூல் நுனி. அங்கிருந்து பாதியில் விட்ட எந்த வேலைக்கும், கதையில் பாதியில் விட்ட எந்தச் சங்கதிக்கும் பரவியது. 'சதி நூல்' வந்தது 'பிளாட் த்ரெட்' என்பதிலிருந்து. 'பிளாட்' என்பது முதலில் ஒரு துண்டு நிலம். பிறகு அந்த நிலத்தின் வரைபடம், பிறகு எந்தத் திட்டமும், அப்புறம் ஒரு கிளை சதித்திட்டத்துக்கும் இன்னொரு கிளை கதையின் அமைப்புக்கும் போனது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட கிளையைப் பிடித்துக்கொண்டு 'சதி' என்று எழுதுகிறார்கள். 'வீட்டுமனை' என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

இப்போது 'தளர்வான முனை'க்கு வருவோம். இதற்கு ஆதரவாக ஒரு நண்பர் என்னிடம் நீளமாக வாதாடினார். அவர் தனித்தமிழ் ஆர்வலர். 'தளர்முனை' என்று வினைத்தொகையாகவே ஆக்கி வைத்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சுடர்முனை, கூர்முனை என்கிற வரிசையில் நிற்கிறது. ஆனால் பொருள் நிற்கவில்லையே!

'லூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, இறுக்கம் குறைந்தது. இன்னொன்று, கட்டே இல்லாதது. கட்டிய நாயின் கழுத்துப்பட்டை கொஞ்சம் நெகிழ்வாக இருந்தால் அது முதல் வகை, நாயே அவிழ்த்துக்கொண்டு தெருவில் ஓடினால் இரண்டாம் வகை. 'லூஸ் எண்ட்' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தளர்தல் என்றால் ஏற்கெனவே இறுக்கமாகவோ உறுதியாகவோ இருந்த ஒன்று நெகிழ்வது. நடை தளரும், பிடி தளரும், மனம் தளரும். முடிச்சே போடாத நுனிக்குத் தளர என்ன இருக்கிறது? (மூன்றாவது முகத்தைத் தமிழர்கள் சேர்த்தோம். 'அவன் ஒரு லூசு.' அந்தப் பொருளில் மொழிபெயர்க்க யாரும் துணியவில்லை.)

இதைவிட மோசமானது 'தளர்வான முடிவுகள்'. 'எண்ட்' என்றால் முடிவு, அகராதி பொய் சொல்லாது. ஆனால் ஒரு படத்தைப் பற்றி 'தளர்வான முடிவுகள் நிறைய' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு என்ன புரியும்? கிளைமாக்ஸ் சொதப்பல் என்று புரியும். பிரமாதமான இறுதிக் காட்சி கொண்ட ஒரு படத்தில், இடையில் வந்த ஒரு பாத்திரம் என்ன ஆனது என்று சொல்லாமல் போயிருக்கலாம். விமர்சகர் அதைச் சுட்டுகிறார், மொழிபெயர்ப்பில் அது முடிவின் மேல் வந்த பழியாக மாறுகிறது. சொல் கரடுமுரடாக இருப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். குற்றச்சாட்டையே வேறு இடத்துக்கு மாற்றிவிடும் சொல்லைப் பொறுக்க முடியாது.

நண்பர் கடைசியாக ஒன்று சொன்னார்: "பழகப் பழகப் பொருள் வந்துவிடும்." புதுச் சொல்லுக்குப் பரிந்து பேசும் எல்லாரும் சொல்வதுதான் இது. தமிழில் சொல் இல்லாத இடத்தில் அதை ஏற்கலாம். இங்கே நாம் கிட்டத்தட்ட ஒரு தறியின் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். நமக்குப் புத்தகமே நூல்தான். நன்னூலில் பவணந்தி முனிவர் இந்த உவமையை வரிவரியாக விரிக்கிறார்: 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச் செஞ்சொற் புலவனே சேயிழையா' என்று. சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். இப்படித்தான் குற்றமில்லாத நூல் முடியும் என்கிறார். 'பிளாட்' என்பதற்குத் திறனாய்வுத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் கதைப்பின்னல். சிலர் கதைக்கோப்பு என்பார்கள், அது கோப்பதிலிருந்து வந்தது. மர்மத்துக்கு முடிச்சு என்கிறோம், மர்மம் விடுபட்டால் முடிச்சு அவிழ்ந்தது என்கிறோம். இழை, பின்னல், கோப்பு, முடிச்சு எல்லாம் வீட்டிலேயே இருக்க, வெளியிலிருந்து 'முனை'யை இறக்குமதி செய்கிறோம். முனை என்பது ஊசிக்கும் ஈட்டிக்கும் போர்க்களத்துக்கும் பொருந்தும். நூலுக்கு நுனி.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? முதலில் என் மனதில் வந்தது 'தொங்கல்'. தொங்கலில் விட்டுவிட்டான் என்பது எல்லாரும் பேசும் தமிழ். கதைத் தொங்கல் என்று எழுதிப் பார்த்தேன். காதில் மாட்டும் நகைபோல இருந்தது. தவிர, வேண்டுமென்றே தொங்கலில் விடுவதும் உண்டு. அடுத்த பாகத்துக்கு ஆளை இழுக்கிற வேலை அது. அதற்கு இந்தச் சொல்லை விட்டுவைக்கலாம் என்று ஒதுக்கினேன்.

பிறகுதான் பிசிறு. துணியின் ஓரத்தில், பின்னலின் பக்கத்தில், அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் இழை. பிசிறு தட்டாத குரல், பிசிறில்லாத வேலை என்று பாராட்டிலேயே இந்தச் சொல் புழங்குகிறது. பதிற்றுப்பத்தில் 'வரைமருள் புணரி வான்பிசிர் உடைய' என்று வருகிறது. அங்கே பிசிர் என்பது அலை உடைந்து தெறிக்கும் நுண்துளி. மொத்தத்திலிருந்து தனியே தெறித்துப்போனது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கதைப்பின்னல் என்று சொல்லிவிட்டால், அதில் சேராமல் நீட்டிக்கொண்டிருப்பது பிசிறு. விளக்கமே வேண்டாம்.

ஆனால் பிசிறு சின்ன விஷயம். கத்தரியால் நறுக்கிவிடலாம். ஒரு பாத்திரம் முழுசாகக் காணாமல் போனால் அதைப் பிசிறு என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்குத்தான் 'முடியா இழை' என்கிறேன். தமிழில் முடிதல் என்றால் தீர்வது, முடித்தல் என்றால் முடிச்சுப் போடுவதும்கூட. கூந்தல் முடித்தாள், கதை முடிந்தது, இரண்டுக்கும் ஒரே வேர். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கும் வரை பாரதக் கதை முடியாது என்பதில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் நுனியைக் கட்டுவது ஒரு சொல், கதையை முடிப்பது வேறு சொல். நமக்கு ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கிறது. இதை வைத்துக்கொண்டு 'தீர்க்கப்படாத' என்று எழுதுவானேன்? கடனைத் தீர்க்கலாம், கணக்கைத் தீர்க்கலாம், வழக்கைத் தீர்க்கலாம். இழையைத் தீர்ப்பது எப்படி? 'முடியாத' என்றால் இயலாத என்று பொருள் வராதா என்பார்கள். இழை என்று அடுத்து வந்ததும் அந்தச் சந்தேகம் ஓடிவிடும்.

படங்களில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளியும். 'தி இன்கிரெடிபிள்ஸ்' 2004இல் முடியும்போது தரையைப் பிளந்துகொண்டு அண்டர்மைனர் என்ற வில்லன் எழுகிறான். 14 ஆண்டு கழித்து 2018இல் வந்த இரண்டாம் பாகம் அதே கணத்தில் தொடங்குகிறது. அவன் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுத் தப்பி ஓடுகிறான். பிறகு அவன் திரும்பி வரவே இல்லை. யாரும் தேடிப் போகவில்லை. இது சுத்தமான முடியா இழை. 14 வருஷம் காக்கவைத்து எடுத்துப் பின்னத் தொடங்கி, இரண்டு பின்னலில் கைவிட்ட இழை. இதற்குப் பழைய தமிழிலேயே ஒரு பெயர் உண்டு. நன்னூல் அடுக்கும் பத்து நூற்குற்றங்களில் ஒன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. கம்பீரமாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, மாய்ந்துபோவது. அண்டர்மைனருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இல்லையா?

'டாய் ஸ்டோரி'யின் போ பீப் வேறு கதை. முதல் இரண்டு படங்களில் இருந்த பீங்கான் பொம்மை 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் இல்லை. போனவர்களின் பட்டியலில் அவள் பெயர் வரும்போது கதாநாயகப் பொம்மை வுட்டியின் முகம் ஒரு நொடி வாடுகிறது, அவ்வளவே. 2019இல் நான்காம் பாகம் ஒன்பது ஆண்டு பின்னால் போய், அவள் வேறு வீட்டுக்குப் போன இரவைக் காட்டுகிறது. முடியாத இழை முடிந்தது. முடிந்த பிறகு அதைப் பழையபடி 'மறக்கப்பட்ட பாத்திரம்' என்று பட்டியலில் சேர்ப்பது அநியாயம். 'குங் ஃபூ பாண்டா'வில் வாத்து அப்பா பாண்டா மகனிடம் ரொம்ப நாளாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போவதாக ஆரம்பித்து, சூப்பின் ரகசியத்தைச் சொல்லி முடிக்கிறார். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவன் வளர்ப்பு மகன் என்ற அந்த இழையை 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் எடுக்கிறார்கள்.

'அலாதீன்' (1992) தொடக்கத்தில் கதை சொல்லும் வியாபாரி எங்கே போனான் என்று பலர் கேட்டதுண்டு. அவனே பூதம் என்று இறுதியில் காட்டுவதாக இருந்தது, அந்தக் காட்சி கழிக்கப்பட்டது என்று இயக்குநர்கள் 2015இல் சொன்னார்கள். அனிமேஷனில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. கதையைப் படங்களாக வரைந்து ஒட்டிப் பார்த்து, பிடிக்காததைக் கிழித்து, மறுபடி வரைந்து, இப்படியே பல சுற்று போகிறது. ஒரு காட்சி வெளியே போனால் அதற்காக முன்னால் விதைத்தது உள்ளேயே நின்றுவிடும். அதுதான் பிசிறு. வியாபாரி பிசிறு, அண்டர்மைனர் முடியா இழை.

'மான்ஸ்டர்ஸ் இங்க்' (2001) கடைசியில், பிரிந்துபோன குழந்தையின் அறைக் கதவு திறக்கிறது, அவள் குரல் மட்டும் கேட்கிறது, படம் முடிந்துவிடுகிறது. இதையும் இந்தப் பட்டியலில் தள்ளுகிறவர்களுக்கு என்ன சொல்ல? அங்கே இழை அழகாக முடியப்பட்டிருக்கிறது, முடிச்சை மட்டும் நமக்குக் காட்டவில்லை.

ஓட்டை என்பது இன்னொன்று. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (1991) படத்தில், சாபத்தால் மிருகமாகிவிட்ட இளவரசனின் 21ஆம் வயது வரை ரோஜா பூத்திருக்கும் என்கிறார்கள். பத்து வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறோம் என்று அதே சாபத்தால் மெழுகுவர்த்தித் தண்டாகிவிட்ட வேலையாள் பாடுகிறான். கழித்துப் பார்த்தால் சாபம் விழுந்தபோது இளவரசனுக்கு வயது 11. ஆனால் சுவரில் கிழிந்து தொங்கும் அவனுடைய பழைய ஓவியத்தில் இருப்பவன் வளர்ந்த வாலிபன். இதை முடியா இழை என்று சொல்ல முடியாது. இழைகள் ஒன்றையொன்று அறுக்கின்றன. பேச்சில் 'லாஜிக் ஓட்டை' என்கிறோம், எனக்கு அதில் புகார் இல்லை. தூய தமிழ்தான் வேண்டும் என்பவருக்கு நன்னூலின் அதே பட்டியலில் 'மாறுகொளக் கூறல்' இருக்கிறது. 'சதித் துளை' என்று எழுதுகிறவர்களிடம் மட்டும் பேச எனக்குத் தெம்பில்லை.

மிச்சமிருப்பது 'மறக்கப்பட்ட'. யார் மறந்தார்கள்? பார்த்தவரா, எழுதியவரா? செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டு இந்த முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். பார்த்தவர் மறந்தால் அது 'மறந்துபோன பாத்திரம்'. எழுதியவர் அம்போவென்று விட்டிருந்தால் 'கைவிட்ட பாத்திரம்'. அண்டர்மைனரை நாம் யாரும் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஏன் இத்தனை பேர் கேட்கப்போகிறார்கள்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'முடியா இழை' என்பதைப் பிரித்தே எழுதுங்கள். தளர்முனை நண்பர் இதைப் படித்துவிட்டு, புணர்ச்சி விதிப்படி 'முடியாவிழை' என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். விதி சரி. ஆனால் அதைப் படிப்பவர் முடியா விழை, முடி யாவிழை என்று எங்கெல்லாமோ உடைத்துப் பார்ப்பார். அப்புறம் அதற்கு ஒரு சொல் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.