வேஷக் கவசமும் பிரஸ் பட்டனும்: எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் விஷயம்

காஸ்ப்ளேக்காக, அதாவது கதாபாத்திரங்களைப்போல வேஷம் போடுவதற்காக, கவசம் செய்கிறவர்கள் அட்டையில் வடிவம் வெட்டவும், ஃபோமைச் சூடாக்கி வளைக்கவும், பெயின்ட் அடித்துப் பழசுபோலக் காட்டவும் வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். மார்புத் தகடும் முதுகுத் தகடும் உடம்பில் எப்படி நிற்கப்போகின்றன என்ற கேள்வி மட்டும் போட்டுக்கொள்ள வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரிதான் வரும். அப்போது கைக்குக் கிடைப்பது ஹாட் க்ளூவும் ஒரு துண்டு எலாஸ்டிக்கும். மறுநாள் தோள் தகடு கழன்று தொங்கும்போது எல்லோரும் பசையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பசை நிரபராதி, இழுக்கிற திசைதான் தப்பு.

பழைய காலத்து நிஜக் கவசங்களில் தோல் வார், கொக்கி, கீல், ஆணி எல்லாம் வெளியே தெரியும்படியே இருந்தன. அது அந்தக் கவசத்துக்கு அழகு. ஆனால் கற்பனைக் கதைகளில் வரும் வழவழப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் கவசத்தில் ஒரு கொக்கி தெரிந்தாலும் வேஷம் கலைந்துவிடும். அதனால் எல்லா இணைப்பும் உள்பக்கம் போகவேண்டும், மெலிசாக இருக்கவேண்டும், கையுறை போட்ட கையாலும் கழற்ற வரவேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் வந்து நிற்பது பிரஸ் பட்டன்தான்.

ஒரு உலோகப் பிரஸ் பட்டன் ஜோடியைப் பிரித்து வைத்தால் நான்கு துண்டுகள் இருக்கும். வெளியே தெரியும் மூடி, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளீடற்ற தண்டு, இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு. அந்தத் தண்டில் ஏறி உட்காரும் குழி வைத்த பெண் பாகம் இன்னொன்று. எதிர்ப்பக்கம் குமிழ் வைத்த ஆண் பாகமும், அதைப் பட்டையோடு, அதாவது தகடுகளை இணைக்கும் நாடாவோடு, பிணைக்க இன்னொரு தண்டும். பெண் பாகத்தின் குழிக்குள் வெளிச்சம் படும்படி பிடித்து உற்றுப் பார்த்தால் இரண்டு மெல்லிய கம்பிகள் எதிரெதிரே இணையாக நிற்பது தெரியும், முனைகள் எஸ் எழுத்துபோல வளைந்து குழியின் விளிம்புக்குள் செருகியிருக்கும். சில வகைகளில் கம்பிக்குப் பதில் ஒரு பிளவுபட்ட வளையம் இருக்கும்.

குமிழை உள்ளே அழுத்தும்போது அது அந்தக் கம்பிகளை இரண்டு பக்கமும் விலக்குகிறது. கம்பி விலக விலக அதில் மீட்சி ஆற்றல் சேர்கிறது, அழுத்தவும் கடினமாகிறது. குமிழின் அகலமான இடம் தாண்டிய கணத்தில் கம்பிகள் சட்டென்று திரும்பி, குமிழுக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய கழுத்தில் வந்து உட்காருகின்றன. அந்த டிக் சத்தம் சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேறும் சத்தம். திரும்பக் கழற்றவேண்டுமானால் அந்த மேட்டை மறுபக்கத்திலிருந்து ஏறவேண்டும். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல, ஜெர்மனியில் ஹெரிபெர்ட் பௌவர் என்பவர் 1885-ல் கால்சட்டைக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். எஸ் வடிவக் கம்பியைச் சேர்த்து இதை நம்பகமாக்கியவர் ஹான்ஸ் ப்ரிம், 1903-ல்.

சரி, இப்போது திசைக்கு வருவோம். பூட்டிய பட்டனின் இரண்டு பாகங்களையும் தட்டையாக வைத்து எதிரெதிர் பக்கம் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், எவ்வளவு பலம் போட்டாலும் அசையாது. காரணம், அங்கே கம்பிக்கு வேலையே இல்லை. குமிழின் சுவர் குழியின் சுவரில் முட்டி நிற்கிறது, உலோகத்தோடு உலோகம். அதே பட்டனின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் சுலபமாகத் திறந்துவிடும், ஏனென்றால் ஓரத்தைத் தூக்கும்போது எதிர் ஓரம் நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிறது, குமிழ் சாய்கிறது, இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் விலக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு பக்கமாக நழுவி வெளியே வந்துவிடுகிறது. பக்கவாட்டு இழுப்புக்குக் கெட்டி, உரிப்புக்கு இளக்கம். இதைக் குறை என்று நினைக்கத் தேவையில்லை, நடக்கும்போது கழறாமல் கைக்கு மட்டும் கழலவேண்டும் என்றால் இந்த வித்தியாசம் இருந்தே ஆகவேண்டும்.

ஆகவே கவசம் நடக்கும்போதும் குனியும்போதும் வரும் இழுப்பு எல்லாம் பக்கவாட்டில் வரும்படி பட்டனை வைக்கவேண்டும், கழற்றும் கை மட்டும் உரிக்கவேண்டும். நடைமுறையில் இது மிகச் சின்ன விஷயத்தில் போய் நிற்கிறது. பட்டனைத் தகட்டின் விளிம்பிலேயே வைத்தால், பட்டை அங்கிருந்து உடனே வளைந்து வெளியேறும். ஒவ்வொரு அசைவும் பட்டனின் ஓரத்தைத் தூக்கும். அதையே விளிம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தால் பட்டை தகட்டின்மேல் தட்டையாகப் படுத்து வந்து, விளிம்பில்தான் வளையும். வளைக்கும் விசையைத் தகட்டு விளிம்பு வாங்கிக்கொள்ளும், பட்டனுக்குப் போவது நேரான இழுப்பு மட்டும். உள்பக்கம் குழிவாக இருக்கும் தகடுகளில் பட்டை வளைவுக்குக் குறுக்கே நேர்கோடாகப் பாயப் பார்க்கும், அப்போதும் பட்டன் உரிபடும். அந்த இடங்களில் பட்டையின் பாதையை மாற்றுவது, கூடுதல் பசை போடுவதைவிட நல்ல வைத்தியம்.

காந்தம் வைத்து ஒட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காந்தத்தின் குணம் இதற்கு நேர் தலைகீழ்: நேராகப் பிரிக்க இழுத்தால் கெட்டியாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் உராய்வைத் தவிர அதற்கு வேறு பிடி இல்லாததால் வழுக்கிக்கொண்டு போய்விடும். உடம்பில் கவசத்தின் எடை பெரும்பாலும் பக்கவாட்டு இழுப்பாகத்தான் வருகிறது. மூடியை மூடிவைக்கக் காந்தம் நல்லது, தோளில் எடை தாங்க அது வேண்டாம். வெல்க்ரோ திசை விஷயத்தில் பிரஸ் பட்டனைப் போலத்தான், ஆனால் கையுறையிலும் உள்சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது ஊருக்கே கேட்கும்.

வேறு வேலைகளில் பட்டனை நேராகத் துணியில் அடிப்போம். கவசத்தில் அது முடியாது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் துளை போட்டால் மூடி வெளியே தெரியும், ஃபோமில் அடித்தால் ஃபோம் நசுங்கித் தண்டு சாய்ந்து, இரண்டு இழுப்பில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் ஒரு சின்னப் பட்டைத் துண்டை எடுத்து, நடுவில் ஆண் பாகத்தை அடித்து, அந்தத் துண்டைக் கவசத்தின் உள்பக்கம் ஒட்டுகிறார்கள். இரண்டு கவசத் தகடுகளிலும் இப்படி ஒவ்வொன்று. நடுவில் இரண்டு முனையிலும் பெண் பாகம் வைத்த தனிப் பட்டை. பட்டன் 15 மில்லிமீட்டர் அளவு இருக்கட்டும், பட்டன் கணக்கில் இது 24 லைன், 40 லைன் சேர்ந்தால் ஒரு அங்குலம். குழந்தைச் சட்டையில் பார்க்கும் பல் வைத்த மெல்லிய வகை இதற்குத் தாங்காது.

குமிழ் கவசத்திலும் குழி பட்டையிலும் இருக்கவேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: நாள்பட்டுத் தளர்ந்துபோவது கம்பி இருக்கும் பெண் பாகம்தான். அது பட்டையில் இருந்தால் பட்டையைத் தூக்கிப் போட்டு வேறொன்று செய்துகொள்ளலாம், ஒட்டியதை உரிக்க வேண்டியதில்லை.

பசைக்கும் பட்டனைப் போலவே திசைக் கணக்கு உண்டு. ஒட்டிய பட்டையை அதன் நீளவாக்கில் இழுத்தால் ஒட்டிய பரப்பு முழுவதும் விசையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஓரத்திலிருந்து உரித்தால் அந்த ஓரத்தின் ஒற்றைக் கோடு மட்டும் மொத்த விசையையும் தாங்குகிறது, அது விட்டதும் அடுத்த கோடு, அப்புறம் அடுத்தது. அதனால் ஒட்டும் துண்டு இழுக்கும் திசையில் நீளமாக இருக்கவேண்டும், பட்டனுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு. காய்ந்தபின் கண்ணாடி மாதிரி இறுகும் சூப்பர் க்ளூ உரிப்புக்குச் சட்டென்று உடையும், காய்ந்த பிறகும் ரப்பர்போல நெளியும் பசை அந்த ஓர அழுத்தத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும். அதனால்தான் பலம் குறைவு என்று எழுதியிருக்கும் நெகிழ்வான பசை இங்கே நின்றுகாட்டுகிறது. ஹாட் க்ளூ வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும், அதை விட்டுவிடுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோடு ஏபிஎஸ் துண்டை ஒட்டுவதானால், இரண்டின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான் சிமெண்ட்தான் சிறந்தது, அது ஒட்டுவதைவிடப் பற்றவைப்பது என்றே சொல்லலாம். ஆனால் மெல்லிய தகட்டில் அதிகமாக ஊற்றினால் வெளிப்பக்கம் வரை பள்ளம் விழும். எந்தப் பசையானாலும் முதலில் உப்புத்தாள் தேய்ப்பதும், கை எண்ணெய் போகத் துடைப்பதும், புட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரை தொடாமல் விடுவதும் அவசியம். கடைசிதான் எல்லோருக்கும் கஷ்டம்.

பட்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு நிறத்தில் ஒரே மாதிரி இருக்கும் பட்டைகளில் சில நைலான், சில பாலிபுரோப்பிலீன். பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு, பசை அதன்மேல் பரவிப் படியாமல் ஒதுங்கும், எவ்வளவு நல்ல பசையானாலும் ஒரு நாள் முழுத் துண்டாக உரிந்து வரும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன நூலைப் பிரித்து, ஒட்டியிருக்கும் காற்று போக சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து அமுக்கி விடுங்கள். நைலான் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, மூழ்கும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும்.

பட்டையில் துளை போடக் கத்தரியோ துளை வெட்டும் பஞ்ச் கருவியோ வேண்டாம். நெசவு நூலை வெட்டிவிட்டால் வெட்டிய முனைகளைப் பிடித்துவைக்க ஆளில்லை, இழுக்க இழுக்கத் துளை பெரிதாகி ஒரு நாள் பட்டன் மட்டும் தனியாக வரும். சால்டரிங் இரும்பின் முனையால் குத்தி உருக்கினால் துளையைச் சுற்றி நூல் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒரு கெட்டி வளையம் ஆகிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தப் புகை நல்லதல்ல. துளை தண்டு இறுக்கமாக நுழையும் அளவுதான் இருக்கவேண்டும், வெட்டிய முனைகளையும் லைட்டரில் லேசாகக் காட்டி மூடிவிடுங்கள்.

அடிக்கும் வேலை பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் நிறைய பேருக்குப் பட்டன் ஆடுவது இங்கேதான். மூடியை அதற்கேற்ற குழிவான அடிக்கட்டையில் கவிழ்த்து, தண்டைப் பட்டைக்குள் நுழைத்து, மேலே பெண் பாகத்தை வைத்து, முனை கூம்பாக இருக்கும் உளியைத் தண்டின் வாயில் நிறுத்தி அடிக்கிறோம். பித்தளை தன் மீட்சி எல்லையைத் தாண்டி நிரந்தரமாக உருமாறுகிறது, வாய் பூப்போல விரிந்து, வெளிப்பக்கமாகச் சுருண்டு, பெண் பாகத்தைக் கவ்விக்கொள்கிறது. பட்டைக்கு மேலே தண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் சுருள் நன்றாக விழும். அதிகமாக நீட்டியிருந்தால் சுருள்வதற்கு முன் தண்டு நசுங்கிச் சாய்ந்துவிடும், அப்படிச் சாய்ந்த பட்டன் பூட்டும்போதே முரண்டு பிடிக்கும். குறைவாக இருந்தால் கவ்வ எதுவும் இருக்காது. ஒரே போடாகப் போட்டால் விளிம்பு கிழியும். நடுத்தரமாக நாலைந்து அடி, ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்பி. முடித்ததும் விரலால் பட்டனைச் சுற்றிப் பாருங்கள், லேசாகக்கூட ஆடக்கூடாது.

இனி எங்கே எலாஸ்டிக், எங்கே நைலான் என்ற கேள்வி. தோளில் எடை தாங்கும் இடத்தில் எலாஸ்டிக் போட்டால் கவசம் நடைக்கு நடை குதிக்கும், அங்கே நீளாத பட்டைதான். விலாப் பக்கம் நேர்மாறு: ஆழ்ந்து மூச்சு இழுத்தால் மார்பின் சுற்றளவு சில சென்டிமீட்டர் கூடுகிறது, நீளாத பட்டை அந்த விசை முழுவதையும் அப்படியே பட்டனிலும் பசையிலும் இறக்கும். எலாஸ்டிக் நீண்டு கொடுப்பதால் திடீர்த் திருப்பத்தின் உச்ச விசை தணிந்து வருகிறது. ஆனால் எலாஸ்டிக்கில் நேராகப் பட்டன் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் இழைகள் துளையில் அறுபடும். முனையில் ஒரு நைலான் துண்டைத் தைத்து, பட்டனை அதில் அடியுங்கள்.

ஒரே பட்டன் என்றால் பட்டை அதைச் சுற்றிச் சுழலும், இரண்டு பட்டன் அருகருகே வைத்தால் சுழலாது. தோள் தகடு கை தூக்கும்போது கூடவே திரும்பவேண்டும், அங்கே ஒன்று போதும். மார்பும் முதுகும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவேண்டிய விலாவில் இரண்டு.

எது முதலில் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதையும் நாம்தான் முடிவு செய்யவேண்டும். யாராவது கூட்டத்தில் இடித்தால் பட்டன் திறந்துகொள்ளட்டும், பசை பெயரக்கூடாது, தகடு விரிசல் விடவே கூடாது. ஃபியூஸ் மாதிரி. புதுப் பட்டன் சில நேரம் இதற்கு ஒத்துவராத அளவுக்கு முறுக்காக இருக்கும், கழற்ற இழுத்தால் பசையோடு வரும். ஒட்டுவதற்கு முன்பே நிறைய தடவை பூட்டித் திறந்து பழக்கிவிடுவதும், கழற்றும்போது குமிழ் இருக்கும் துண்டை இன்னொரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். மூன்று பக்கமும் பூட்டிக்கொண்டு, புள்ளி வைத்த ஒரே பக்கம் மட்டும் தூக்கினால் திறக்கும் வகையும் கிடைக்கிறது, ராணுவச் சாமான்களில் போடுவது. கை எட்டாத முதுகுப் பக்கத்துக்கு அது அருமையானது, புள்ளியை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று முதலிலேயே யோசித்துவிட்டால்.

வியர்வை உப்பு எஃகுக் கம்பியை அரிக்கும் என்பதால் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ பார்த்து வாங்குங்கள். கழற்றி வைக்கும்போது பட்டன்களைத் திறந்தே வையுங்கள், இழுத்துப் பூட்டியபடி மாதக்கணக்கில் கிடக்கும் எலாஸ்டிக் அந்த நீளத்துக்கே பழகித் தொளதொளத்துவிடும்.